சும்மா இருக்க முடியாத கைகளுக்கு ஒரு தொடுவிரிப்பு

எங்கள் அத்தை, அதாவது என் கணவரின் அம்மா, மதுரை சிம்மக்கல் பக்கம் 40 வருடம் பூக்கட்டி விற்றவர். மறதி நோய் வந்து எங்கள் பெயரெல்லாம் அவருக்கு மறந்த பிறகும் விரல்கள் மட்டும் ஓயவில்லை. சாயங்காலம் 5 மணி ஆனால் போதும், சேலை முந்தானையைப் பிரிக்க ஆரம்பித்துவிடுவார். போர்வையின் ஓரத் தையலை நகத்தால் நெம்பி நெம்பி நூலை உருவுவார். கையைப் பிடித்து நிறுத்தினால் கோபம் வரும், அப்புறம் அழுகை. "ஏம்மா, நார் எங்க? நேரமாச்சு" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அந்த நேரத்தில்தான் அவர் மாலைப் பூவை வியாபாரத்துக்குக் கட்டி முடிப்பது வழக்கம் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

நான் 22 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். மூட்டை மூட்டையாகக் கட் பீஸ் கிடந்த வீட்டில், அந்தக் கைக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் இருந்தோம். மடியில் வைத்துத் தடவவும், இழுக்கவும், திறந்து மூடவும் ஒரு விரிப்பு தைத்துக் கொடுக்கலாம் என்று சொன்னவர், அத்தைக்குக் கை கால் பயிற்சி கொடுக்க வந்த பெண். சென்சரி மேட், ஃபிட்ஜெட் மேட் என்று அவர்கள் சொல்கிறார்கள். நான் தொடுவிரிப்பு என்கிறேன். அத்தைக்கு முதலில் தைத்தேன். பிறகு பக்கத்துத் தெருவில் ஆட்டிசம் உள்ள ஒரு பையனுக்கு, சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு என்று இதுவரை 30-க்கு மேல் தைத்திருக்கிறேன். ஒன்று மாதிரி இன்னொன்று இருந்ததில்லை.

துணியை வெட்டும் முன் கையைப் பாருங்கள்

யாருக்குத் தைக்கிறீர்களோ அவர் கையை மூன்று நாளாவது பாருங்கள். கை என்ன செய்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிய்க்கிறதா, தேய்க்கிறதா, சுருட்டுகிறதா, தட்டுகிறதா, முறுக்குகிறதா? எந்த நேரத்தில்? ஒரு கையா, இரண்டு கையுமா? கையில் கிடைத்ததை வாயில் வைக்கிறாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் விரிப்பில் போடும் பாதிச் சாமான்கள் மாறிவிடும்.

அத்தையிடம் நான் பார்த்தது முடிச்சுப் போடும் அசைவு. வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் நாரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் அவர் விரிப்பின் நடுவில் வெள்ளைக் காட்டன் துணியில் மல்லிகை மொட்டு மாதிரிச் சின்னச் சின்ன உருட்டுகள் தைத்து, அவற்றை ஒரு பச்சை நாடாவில் நெருக்கமாக வரிசையாகப் பிடித்துவைத்தேன். பக்கத்தில் கால் அங்குல அகலத்தில் நான்கு பருத்தி நாடா, ஒவ்வொன்றும் 6 அங்குலம். அவர் அந்த நாடாக்களை ஒன்றோடொன்று முடிந்து, அவிழ்த்து, மறுபடி முடிவார். முதல் நாள் மாலை முந்தானைப் பக்கம் கை போகவே இல்லை. விரிப்பைக் "கூடை" என்றுதான் சொன்னார்.

பையன் கதை வேறு. அவனுக்கு அப்போது 9 வயது. வெல்க்ரோ எல்லாக் குழந்தைக்கும் பிடிக்கும் என்று நினைத்து நான்கு இடத்தில் தைத்துக் கொண்டுபோனேன். ஒரு தடவை பிரித்ததும் அந்தச் சர்ரென்ற சத்தத்துக்கு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மூலைக்குப் போய்விட்டான். அவன் அம்மாவிடம் கேட்காமல் தைத்தது என் தவறு. கேட்டிருந்தால் மிக்சி சத்தமும் அவனுக்கு ஆகாது என்று சொல்லியிருப்பார். அவனுக்குப் பிடித்தது ஜீன்ஸ் பேண்டின் பக்கவாட்டுத் தடித்த தையல். அதைக் கட்டைவிரலால் மேலும் கீழும் தேய்ப்பான். பழைய ஜீன்ஸ் நான்கிலிருந்து அந்தத் தையல் பகுதியை மட்டும் 2 அங்குலப் பட்டையாக வெட்டி, வரிசையாக வைத்து இரண்டாவது விரிப்பைத் தைத்தேன். பள்ளிக்கூடத்துக்கும் அதைக் கொண்டுபோகிறான்.

தொடுதல், உடம்பு அசைவு, சத்தம் இவற்றையெல்லாம் மூளை எப்படிச் சேர்த்து எடுத்துக்கொள்கிறது என்பதை அமெரிக்காவின் ஜீன் ஏயர்ஸ் என்ற தெரபிஸ்ட் ஆராய்ந்து 1970-களில் எழுதியிருக்கிறார். அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி கொடுக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகளில் பலர் அந்த வழியைப் பின்பற்றுகிறார்கள். ஒருவருக்கு எந்தத் தொடுதல் அமைதி தரும், எது எரிச்சலைக் கிளப்பும் என்று அவர்களால் சொல்ல முடியும். பள்ளிப் பிள்ளை என்றால் உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்ட்டும் இருப்பார்கள், போய்க் கேளுங்கள். சென்னைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

துணி

புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. கைக்கு ஒன்றுக்கொன்று நன்றாக வேறுபட்டுத் தெரிய வேண்டும், அதுதான் கணக்கு. வழவழப்புக்கு சாட்டின் அல்லது பழைய பட்டுச் சேலை, சொரசொரப்புக்குச் சணல் சாக்கு, வரிவரியாக கார்டுராய், சின்னச் சின்னக் கண்ணியாக டர்க்கி டவல், மெத்தென்று வெல்வெட். பவானி ஜமுக்காளத்தின் ஒரு துண்டு கிடைத்தால் விடாதீர்கள். அந்தத் தடித்த நூலின் மேடு பள்ளம் விரலுக்கு நன்றாகப் பிடிபடும், எத்தனை துவைத்தாலும் போகாது. சுங்குடிச் சேலையை இஸ்திரி போடாமல் வைத்தால் முடிச்சுப் போட்ட புள்ளிகள் குட்டிக் கூம்பாக நிற்கும், அதுவும் அருமை. ஆனால் துவைக்கத் துவைக்க அது சமமாகிவிடும், நாள்பட நிற்காது.

ஜரிகை வைத்த பார்டரை மடித்து உள்ளே தள்ளித் தையுங்கள். பழைய ஜரிகை உடைந்து ஊசி மாதிரி குத்தும். வயதானவர்கள் தோல் காகிதம் மாதிரி இருக்கும், லேசாகக் கீறினாலே ரத்தம் வரும்.

எல்லாத் துணியையும் வெட்டும் முன் ஒரு முறை ஊறவைத்துத் துவைத்துக் காயப்போடுங்கள். காட்டன் சுருங்கும், சாட்டின் சுருங்காது. துவைக்காமல் சேர்த்துத் தைத்தால் முதல் சலவையிலேயே விரிப்பு கோணலாக இழுத்துக்கொள்ளும். சிவப்பும் கருநீலமும் தண்ணீர் தெளிகிற வரை தனியாக அலசுங்கள்.

பெரியவர்களுக்குத் தைக்கும்போது கரடி பொம்மை, கார்ட்டூன் போட்ட துணி வேண்டாம். 75 வயதுக்காரர் மடியில் குழந்தைத் துணியைப் போட்டால், அவருக்குத் தெரிகிறதோ இல்லையோ, பார்க்க வருகிறவர்கள் அவரிடம் குழந்தையிடம் பேசுவது போலப் பேசத் தொடங்குவார்கள். எனக்கு அது பொறுக்காது. அவர் உடுத்திய சேலை, வேட்டிக் கரை, சட்டைப் பை இவற்றிலிருந்தே எடுங்கள். லாரி ஓட்டிய ஒரு தாத்தாவுக்குக் காக்கிச் சட்டைப் பை இரண்டையும் மூடியோடு அப்படியே வெட்டித் தைத்தேன். நாள் முழுக்க அதற்குள் கைவிட்டு எடுப்பார்.

வைக்கக் கூடாதவை

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அத்தையின் முதல் விரிப்பில் ஐந்து பெரிய பட்டன் வைத்திருந்தேன். 15-வது நாள் ஒரு பட்டனைக் காணோம். பார்த்தால் வாயில் ஒதுக்கி வைத்திருக்கிறார். வெளியே எடுக்கும் வரை எனக்கு உயிரே இல்லை. அன்றைக்கே எல்லாப் பட்டனையும் பிரித்தேன்.

வாயில் வைக்கும் வழக்கம் கொஞ்சம் இருந்தாலும் பட்டன், மணி, பாசி, கொக்கி, அலங்காரக் கண்ணாடி எதுவும் வேண்டாம். காந்தம் யாருக்குமே வேண்டாம். இரண்டு காந்தத் துண்டுகள் வயிற்றுக்குள் போனால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பாட்டு பாடும் பொம்மையின் உள்பாகத்தை எடுத்து வைக்கலாம் என்று சிலர் கேட்கிறார்கள். அதில் இருக்கும் பட்டன் பேட்டரி தொண்டையில் சிக்கினால் சதையையே அரித்துவிடும், கண்டிப்பாகக் கூடாது.

நாடா, கயிறு எதுவும் 6 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், நீளமாக விட்டால் விரலையோ கழுத்தையோ சுற்றும். புளியங்கொட்டை, அரிசி, பயறு உள்ளே போட்டுத் தைக்கிறார்கள். கைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் துவைக்க முடியாது, ஈரம் பட்டால் வண்டு வரும், பூஞ்சை பிடிக்கும்.

கனமான போர்வை தைத்துக் கேட்டு வருகிறார்கள். உடம்பை அழுத்தும் போர்வை சிலருக்கு நல்ல தூக்கம் தருகிறது, உண்மைதான். ஆனால் சின்னக் குழந்தைக்கும், மூச்சுத் தொல்லை இருப்பவருக்கும், தானாகப் போர்வையை விலக்க முடியாதவருக்கும் அது ஆபத்து. தெரபிஸ்ட் எடையை எழுதிக் கொடுக்காமல் நான் தைப்பதில்லை.

வெட்டித் தைப்பது

மடிக்கு நான் தைக்கும் அளவு 20 அங்குல நீளம், 15 அங்குல அகலம். 5 அங்குலக் கட்டங்கள், ஒரு வரிசையில் நான்கு, மூன்று வரிசை, மொத்தம் 12. சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்கு விட வேண்டும் என்பதால் ஒவ்வொரு துண்டையும் 6-க்கு 6 என்று வெட்டுங்கள். 12 கட்டத்திலும் ஏதாவது இருக்க வேண்டும் என்றில்லை. மூன்று கட்டமாவது வெறும் காட்டனாக விடுங்கள். கை ஓய்வெடுக்க இடம் வேண்டும்.

கட்டங்களை ஒன்றோடொன்று சேர்க்கும் முன்பே ஜிப், நாடா, பை எல்லாவற்றையும் அந்தந்தத் துண்டில் தைத்து முடித்துவிட வேண்டும். சேர்த்த பிறகு தைத்தால் மிஷினில் துணி திரும்பாது, தையலும் உறுதியாக இருக்காது. எதையாவது தாங்கப் போகிற துண்டுக்குப் பின்னால் ஜாக்கெட் கழுத்துக்கு வைக்கிறோமே, அந்த கேன்வாஸ் துண்டு ஒன்றைக் கொடுங்கள். இல்லாவிட்டால் இழுக்கும்போது தையல் நிற்கும், துணி கிழியும்.

ஜிப் என்றால் பிளாஸ்டிக் பல் உள்ள தடித்த ஜிப், பை தைக்கிறவர்கள் வாங்குவது. உலோகப் பல் விரலைக் கடிக்கும். ரன்னர், அதாவது ஜிப்பைத் திறந்து மூட இழுக்கும் துண்டு, வெளியே வராதபடி இரண்டு முனையையும் துணி மடிப்புக்குள் வைத்து இரண்டு தடவை தையுங்கள். ரன்னரின் வளையத்தில் சின்ன நாடா வளையம் கோத்துவிட்டால் விரல் பிடிமானம் குறைந்தவர்களும் இழுக்கலாம். ஜிப்புக்கு உள்ளே வேறு நிறத்தில் ஒரு துணி வையுங்கள், திறந்ததும் மஞ்சளோ பச்சையோ தெரிய வேண்டும். கோப்பையில் படம் போட்டுத் தருகிற கடைகளில் வெள்ளை பாலியெஸ்டர் துணியிலும் போட்டுத் தருவார்கள். அத்தையின் ஜிப்புக்கு உள்ளே மாமாவின் படம் இருந்தது. ஒரு நாளைக்கு நூறு தடவை திறந்து பார்ப்பார்.

சத்தம் பிடிக்கும் என்றால், சிப்ஸ் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து, 5 அங்குலச் சதுரமாக வெட்டி இரண்டு காட்டன் துணிக்கு நடுவில் வைத்து நான்கு பக்கமும் மூடித் தையுங்கள். அழுத்தினால் மொறுமொறு என்று கேட்கும். கொஞ்ச நாள் துவைத்த பிறகு சத்தம் குறையும், மாற்ற வேண்டியதுதான்.

சாட்டின் ஓரம் பிரியும். மெழுகுவர்த்தியில் ஓரத்தைக் கருக்குவது நம் தையல்காரர்கள் வழக்கம், ஆனால் கருகிய ஓரம் கெட்டியாகிக் குத்தும். அது தையலுக்கு உள்ளே மறைகிற இடத்தில் மட்டும் இருக்கட்டும். வெல்வெட் மிஷினில் நழுவும், முதலில் கையால் ஓட்டுத் தையல் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். சாதாரணத் துணிக்கு 16-ம் நம்பர் ஊசி, ஜீன்ஸ் இரண்டு மூன்று மடிப்பு வந்தால் 18. அந்த இடத்தில் பெடலை மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் திருப்பித் தைத்தால் ஊசி உடையாது. காட்டன் நூல் இற்றுப்போகும், பாலியெஸ்டர் நூலே போடுங்கள்.

வரிசைகளைச் சேர்த்து முடித்தால் மேல்பாகம் 21-க்கு 16 வரும். அதே அளவில் அடித்துணிக்குப் பழைய ஜீன்ஸ். நடுவில் பஞ்சு ஷீட் வைக்கலாம். நான் வைப்பதில்லை. மதுரை வெயிலில் மடி வேர்த்துக் கொட்டும். அதற்குப் பதில் நன்றாகத் துவைத்துப் பழகிய ஈரிழைத் துண்டு ஒன்றைக் கொடுக்கிறேன். உடம்புக்கு இதம், சீக்கிரம் காயும். இலவம் பஞ்சு துவைத்தால் திரண்டு கட்டியாகிவிடும், வேண்டாம்.

மேல்பாகமும் அடித்துணியும் நல்ல பக்கம் உள்ளே பார்க்கும்படி வைத்து, மேலே துண்டை விரித்து, சுற்றிலும் அரை அங்குலத்தில் தைத்து வாருங்கள். நாடாக்கள் ஓரத் தையலுக்குள் மாட்டாதபடி முதலில் நடுப்பக்கம் மடித்துக் குத்திவையுங்கள். ஒரு பக்கத்தில் 6 அங்குலம் திறந்து விட்டு, அதன் வழியாகத் திருப்பி, மூலைகளைப் பென்சில் முனையால் தள்ளிவிட்டு, திறப்பைக் கையால் மூடுங்கள். சுற்றிலும் கால் அங்குலத்தில் இன்னொரு தையல். அப்புறம் கட்டங்களுக்கு நடுவே ஓடும் கோடுகளில் ஒரு தையல் போட்டால் மூன்று துணியும் ஒன்றாக நிற்கும். குண்டூசிகளை எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள். ஒன்று குறைந்தாலும் கிடைக்கும் வரை விரிப்பைக் கொடுக்காதீர்கள்.

முடித்ததும் நான் செய்யும் சோதனை இது. ஒவ்வொரு நாடாவையும், ஜிப்பையும், பையையும் தனித்தனியாகப் பிடித்து விரிப்பையே தூக்கி, பத்துத் தடவை பலமாக உதறுவேன். அப்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களை ஒட்ட வெட்டுவேன். பைக்குள்ளும் கைவிட்டுப் பாருங்கள், உள்ளே தொங்கும் ஒரு நூல் விரலைச் சுற்றி இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும், சொல்லத் தெரியாதவருக்கு அது பெரிய ஆபத்து.

சக்கர நாற்காலிக்கும் படுக்கைக்கும்

நாற்காலியில் இருக்கும் பெண்ணுக்கு வலது கை இறுகி மடிந்திருக்கும், இடது கைதான் ஓடும். அதனால் எல்லாவற்றையும் இடது பக்கமே வைத்தேன். வலது பக்கம் மெத்தென்ற வெல்வெட் மட்டும், இறுகிய கை அதன் மேல் படுத்திருக்கும். விரல் நுழைய வேண்டிய வளையங்களை 2 அங்குல அகல நாடாவில் பெரிதாக வைத்தேன். விரிப்பு நழுவிக் கீழே விழுந்தால் அவளால் குனிந்து எடுக்க முடியாது. கைப்பிடியில் சுற்றி ஒட்டும்படி இரண்டு பக்கமும் குட்டையான வெல்க்ரோப் பட்டை தைத்திருக்கிறேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் எதுவும் தொங்கக் கூடாது.

பார்வை குறைந்தவர் என்றால் கறுப்பும் மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் வரட்டும். தரைவிரிப்பு தைப்பதானால், மறதி நோய் உள்ள வீட்டில் கறுப்புக் கட்டம் வேண்டாம். தரையில் கறுப்பாக இருப்பது அவர்களுக்குப் பள்ளம் மாதிரித் தெரிந்து, தாண்டப் போய் விழுந்துவிடுவார்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் போர்வை முழுக்க வேலைப்பாடு செய்து யாரும் சிரமப்படாதீர்கள். கை எட்டுவது இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில் உள்ள பகுதிதான். பழைய நூல் சேலை மூன்றை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுப் போர்வை தைத்துக்கொண்டு, அந்த உயரத்தில் மட்டும் 8 அங்குலப் பட்டையாகப் பலவகைத் துணி வைத்தால் போதும். அவர் உடுத்திய சேலையாக இருந்தால் இன்னும் நல்லது. மடிப்போ பையோ இல்லாமல் தட்டையாகத் தையுங்கள், முதுகுக்குக் கீழே சுருண்டு போனால் புண் வரும்.

கொடுக்கும் விதம்

"இது என்ன சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் முதலில் தடவுங்கள், ஜிப்பைத் திறந்து மூடுங்கள். கை தானாக வரும். வராவிட்டால் மடித்து வைத்துவிட்டு நாளைக்குப் பாருங்கள். அத்தைக்கு 4:30 மணிக்கு, படபடப்பு தொடங்கும் முன்பே மடியில் போட்டுவிடுவோம். தொடங்கிய பிறகு கொடுத்தால் வீசிவிடுவார். வீட்டில் யாராவது கண்ணில் படும் தூரத்தில் இருக்க வேண்டும். தூங்கும்போது எடுத்துவிடுங்கள்.

சாமான் செலவு எனக்கு ஒன்றுக்கு 200 முதல் 300 ரூபாய் ஆகிறது, அதில் பெரும்பகுதி ஜிப்பும் நாடாவும் நூலும். நேரம் இரண்டு மத்தியானம். சாப்பாடும் எச்சிலும் படும், சில சமயம் சிறுநீரும் படும், அதனால் ஒருவருக்கு இரண்டாகத் தைத்துக் கொடுத்தால்தான் ஒன்று காயும்போது இன்னொன்று கையில் இருக்கும். வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்து, பிழியாமல் அழுத்தித் தண்ணீரை எடுத்து வெயிலில் போடுங்கள்.

வாரத்துக்கு ஒரு தடவை விரிப்பை வெளிச்சத்தில் வைத்துத் தையல் தையலாகப் பாருங்கள். அறுந்திருந்தால் அன்றைக்கே தைக்க வேண்டும். எந்தக் கட்டம் நைந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள், அதுதான் அவருக்குப் பிடித்த கட்டம். பையன் விரிப்பில் ஜீன்ஸ் தையல் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது, ரன்னர் மூன்று தடவை மாற்றினேன், சணல் துண்டு இன்றும் புதுசாக இருக்கிறது. அடுத்ததில் சணல் கிடையாது, ஜீன்ஸ் ஆறு கட்டம். தேய்ந்த பட்டையைத் தூக்கிப் போடவும் இல்லை. பழகிய துணி இல்லாவிட்டால் புது விரிப்பை அவன் தொட மாட்டான் என்று அவன் அம்மா சொன்னதால், அதையும் வெட்டி எடுத்துப் புதியதன் இடது மூலையில் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.